மதுவநோயும் நொதியமும்

(கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர், பயிற்றப்பட்ட ஆசிரியர்)

தோற்றுவாய்

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, இலக்கணத்திலேனும் இலக்கியத்திலேனும் ஒரு பொருளை எடுத்து எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் நோயியலிற் புகுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறவுங் கூடும். அவ்வையத்துக்கு விடை இக்கட்டுரையின் பிற்பகுதியில் வரும் ஒரு நிகழ்ச்சியிலுண்டு. அஃது என் இல்லத்தில் என் கையாலேயே நிகழ்ந்த ஒரு பிழை. அதனை மறைத்து வைப்பதினும் மாணவர்க்குப் பாடமாக்கி வைத்தல் நன்றென எண்ணியே இதனை எழுதத் துணிந்தேன். மருத்துவத்துறையிலும் விஞ்ஞானத்துறையிலும் விளங்கும் பழைய மாணவர்கள் இதன்கண் குற்றங் காணின் பொறுத்துத் திருத்துவார்களாக.

இரு சொற்கள்

முதற்கண், தலைப்பிலுள்ள இரு சொற்களையும் நோக்குவோம். மது என்னுஞ் சொல்லடியாகப் பிறந்தது மதுவம். கள்ளையும் பிற மது வகைகளையும் நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர் அதுவே ஆதலின் பெயர் பொருத்தமுடைத்து. அப்பத்துக்கு அரைத்த மாவிற் சிறிது கள் விட்டு வைத்தால், விடியுமுன் மாப் பொங்கி நிற்பதை நம் தாய்மார் அறிவர். கள்ளிலுள்ள மதுவம் வெல்லத்தை உண்டு காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுதலே அப்பொங்குதலுக்குக் காரணமாகும்.

நொதித்தலைச் செய்விப்பது நொதியம். மேனாட்டார் அதனை என்சைம் என்பர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லெம் கூனே என்னும் ஜேர்மானிய அறிஞர் கிரேக்க மொழியினின்று ஆக்கிய அச்சொல்லுக்கு 'மதுவத்தினுள்ளே' என்பது பொருள். 1897இல் எடுவாட் புக்னர் என்பார் மதுவத்தை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து, உயிருள்ள கலம் ஒன்றேனும் இல்லாத அச்சாறும் வெல்லத்தை நொதிக்கச் செய்வதைக் கண்டார். நொதித்தலுக்கு உயிருள்ள கலமே வேண்டும் என்றிருந்த கொள்கை அன்றோடு வீழ்ந்தது. அதற்காக 1907இல் இரசாயனத்துக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. நொதியங்கள் பெரும்பாலும் புரதங்களே என்பதும், ஒவ்வொரு நொதியமும் தனக்கெனக் குறித்த ஒரு பொருளிலேயே தொழிற்படும் என்பதும் பின்னர்த் தெளிவாயின. சோற்றிலுள்ள மாப்பொருளை வெல்லமாக்கும் உமிழ்நீர் நொதியம் இறைச்சிப் புரதத்தை ஒன்றுஞ் செய்யாது. இவ்வியல்பை வாசகர் நினைவில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

மதுவத்தினின்று பெயர் பெற்ற நொதியத்தை அம்மதுவத்தின்மீதே ஏவலாமா? ஏவினால், மருந்துக்கு அது துணைசெய்யுமா? இவையே இக்கட்டுரையின் வினாக்கள்.

நோய் செய்யும் மதுவம்

அப்பமாவைப் பொங்கச் செய்யும் மதுவம் நமக்கு நண்பன். அதன் உறவினருள் ஒன்று நம் உடம்பிலேயே குடியிருந்து காலம் பார்த்துப் பகையாவது. கண்டிடா அல்பிக்கன்சு என்பது அதன் பெயர். இலத்தீன் மொழியில் இரு சொல்லும் வெண்மையையே சுட்டுவன. அது வளருமிடத்தில் தோன்றும் வெண்படிவு நோக்கி இடப்பட்ட பெயராகும். கண்டிடா என்னும் சாதிப் பெயரை 1923இல் கிறித்தீன் பேர்க்கவுட் என்னும் பெண்மணி அமைத்தார். இதன் ஒரு கலம் ஏறக்குறைய 5 மைக்கிரோமீற்றர் குறுக்களவுடையது. 200 கலங்களை ஒன்றையடுத்து ஒன்றாக வைத்தால் ஒரு மில்லிமீற்றர் நீளமாகும்.

நலமுடையார் பலரின் வாயிலும் குடலிலும் இது தீங்கின்றி வாழ்கின்றது. அயலில் வாழும் பற்றீரியாக்களும் உடலின் காவற்கலங்களும் இதனை அடக்கி வைத்திருக்கின்றன. அக்காவல் தளரும்போது இது தலையெடுக்கும். பச்சிளங் குழந்தைகளின் வாயில் தயிர் ஒட்டினாற்போலத் தோன்றும் அக்கரத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நுண்ணுயிர்கொல்லிகளை நெடுநாள் உண்டோர், நீரிழிவுடையோர், தொய்வுக்கு இழுப்பு மருந்து எடுத்தபின் வாய் கொப்பளியாதோர், கட்டுப்பல்லை இரவிலுங் கழற்றாதோர் ஆகியோரிடத்தும் இது பெருகும். மகளிரைத் துன்புறுத்தும் வெள்ளை நோய் வகையொன்றும் இதனால் வருவதே. பெண்களில் நால்வருள் மூவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாவர் என்பது மருத்துவ நூலோர் கணக்கு. நாணத்தால் இதனை மறைத்து வருந்துவோர் பலர். மறைத்தற்குரிய குற்றம் இதிலொன்றுமில்லை.

இவையெல்லாம் உடலின் மேற்பரப்போடு நிற்பன. நோய் எதிர்ப்பு குன்றியவரிடத்தும், நாளத்திற் குழாய் செருகப்பெற்று நெடுநாள் வைத்தியசாலையிற் கிடப்பவரிடத்தும் இதே மதுவம் குருதியிற் புகுமாயின் உயிருக்கே இடராகும். 2022ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் மனிதர்க்கு நோய் விளைக்கும் பங்கசுக்களுள் முதன்மையான 19ஐ வரிசைப்படுத்தி, அவற்றுள் நான்கை மிகக் கொடியன எனக் குறித்தது. கண்டிடா அல்பிக்கன்சும் கண்டிடா ஓரிசும் அந்நான்கில் அடங்கும். ஓரிசு என்றால் காது. 2009இல் யப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பெற்று விவரிக்கப்பட்டமையால் வந்த பெயர் அது. வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அஃது அசையாமல் நிற்பதே மருத்துவரின் கவலை.

மருந்துகள் சிலவேயான காரணம்

பற்றீரியாவைக் கொல்ல மருந்துகள் பலவிருக்க, பங்கசைக் கொல்ல ஏன் சிலவே உள? மதுவம் பங்கசு இனத்தது. கருவும் பிற உறுப்புக்களும் அமைந்த அதன் கலம், பற்றீரியாவின் கலத்தினும் நம் உடற்கலத்துக்கே நெருங்கிய ஒப்புமையுடையது. ஆதலின் மதுவத்தைக் கொல்லும் நஞ்சு நம்மையும் வருத்த வல்லது. பகைவன் நம் உறவினனைப் போல உருக்கொண்டு வீட்டினுள் இருப்பின், அம்பு எய்வோன் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

வேறுபாடு இரண்டிடத்தே உண்டு. நம் கலங்களின் மென்சவ்விற் கொலசுத்தெரோல் என்னும் கொழுப்புப் பொருள் உளது; மதுவத்தின் மென்சவ்வில் அதற்கு ஈடாக எகோசுத்தெரோல் உளது. இஃது ஒன்று. மதுவத்தின் மென்சவ்வுக்குப் புறத்தே வலிய கலச்சுவர் உண்டு. நம் கலங்களுக்குச் சுவரே இல்லை. இஃது இரண்டாவது. மருந்துகளுட் பெரும்பாலன இவ்விரண்டிடத்தையே நோக்கி எய்யப்படுவன.

இவற்றுள் முதலாவதாக வந்த சிறந்த மருந்தின் வரலாறு மாணவர் அறியத்தக்கது. எலிசபெத் ஹேசன் என்பார் நியூயோர்க்கு நகரில் நுண்ணுயிராய்வாளர். ரேச்சல் பிரவுண் என்பார் அம்மாநிலத் தலைநகரான ஒல்பனியில் இரசாயன ஆய்வாளர். முன்னவர் மண் மாதிரிகளிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்துப் பங்கசை எதிர்ப்பனவற்றைத் தெரிந்து தபாலில் அனுப்புவார்; பின்னவர் அவற்றினின்று வினைசெய்யும் பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். இவ்வாறு தபால்வழி நடந்த ஆராய்ச்சியில், வேர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பண்ணை மண்ணிலிருந்து பெற்ற நுண்ணுயிரொன்று வெற்றி தந்தது. 1950இல் அறிவிக்கப்பட்ட அம்மருந்துக்கு நியூயோர்க்கு மாநிலத்தின் பெயரையொட்டி நிசுத்தற்றின் எனப் பெயரிட்டனர். அதனால் வந்த உரிமைப்பணத்தைத் தமக்கெனக் கொள்ளாது விஞ்ஞான ஆராய்ச்சிக்கே அவ்விரு பெண்மணியரும் விட்டுக்கொடுத்தனர். 1966இல் இத்தாலியின் புளோரன்சு நகரை வெள்ளம் சூழ்ந்தபோது, நனைந்த ஓவியங்களிற் படர்ந்த பூஞ்சணத்தை அகற்றவும் இம்மருந்து பயன்பட்டது.

நிசுத்தற்றின் எகோசுத்தெரோலைப் பற்றிக்கொண்டு மென்சவ்வைத் துளைக்கும். குடலால் அஃது உறிஞ்சப்படாமையின் வாய், தோல் முதலிய இடங்களுக்கே உரியது. 1950களின் நடுவிற் கண்டறியப்பட்ட அம்பொற்றெரிசின் அவ்வகையைச் சார்ந்ததாயினும் நாளத்தினூடாகச் செலுத்தத்தக்கது, உள்நோய்க்கு வலியது, சிறுநீரகத்தை வருத்துவது. அதன்பின் வந்த புளூக்கொனசோல் எகோசுத்தெரோல் ஆக்கப்படுவதையே தடுக்கும். வாயால் உண்ணத்தக்கது, பெரிதும் வழங்குவது. ஆயின் அது கண்டிடாவின் வளர்ச்சியை நிறுத்துகின்றதேயன்றிப் பெரும்பாலும் கொல்வதில்லை. உயிரோடு எஞ்சிய கலங்கள் காலப்போக்கில் மருந்துக்குப் பழகிவிடுதல் கூடும். 2001இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கசுப்போபங்கினும் அதன் இனத்தனவும் கலச்சுவர் கட்டப்படுவதைத் தடுப்பன. அவற்றையுங் கடக்கும் மதுவங்கள் இன்று தோன்றியுள்ளன. ஆகவேதான், உள்ள மருந்துகளுக்கே துணை தேடும் எண்ணம் பிறந்தது.

கலச்சுவர் என்னும் மதில்

மதுவத்தின் கலச்சுவரை ஒரு மதிலாகக் கொள்வோம். புறத்தே மனோசு என்னும் வெல்லத்தாலான சங்கிலிகள் பொருந்திய புரதப் படை; அகத்தே குளூக்கன் எனப்படும் குளுக்கோசுச் சங்கிலிகளாலான கட்டு; அதனினும் உள்ளே, அளவிற் சிறிதாயினும் உறுதியிற் பெரிதாகிய கைற்றின். நண்டின் ஓட்டிலும் வண்டின் சிறகுறையிலும் உள்ள கைற்றினே இஃது.

இம்மதிலை நொதியங்கொண்டு கரைத்தல் இயலும் என்பது ஆய்வுகூடத்திற் பழைய செய்தி. நத்தையின் குடற்சாற்றிலுள்ள நொதியங்கள் மதுவத்தின் சுவரை உரித்துவிடுவதை 1950களிலேயே ஆய்வாளர் காட்டினர். சுவரிழந்த மதுவம் நீரிலிட்ட மாத்திரத்தில் நீரை உறிஞ்சி வீங்கி வெடிக்கும். குளூக்கனைக் குளூக்கனேசும் கைற்றினைக் கைற்றினேசும் சிதைப்பன. மனோசுச் சங்கிலியை அறுப்பவையும் உள.

நம் உடம்பும் இவ்வகைக் காவலைத் தானே வைத்திருக்கின்றது. 1922இல் அலெக்சாந்தர் பிளெமிங் தம் மூக்குச் சளியிலிருந்து இலைசோசைம் என்னும் நொதியத்தைக் கண்டறிந்து வெளியிட்டார். பெனிசிலினை அவர் காண்பதற்கு ஆறாண்டு முந்திய செய்தி அது. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் முட்டை வெண்கருவிலும் உள்ள இலைசோசைம் பற்றீரியாவின் சுவரைச் சிதைப்பதோடு, மதுவத்தையும் ஓரளவு எதிர்க்கும். வாய் வறண்டு உமிழ்நீர் குன்றியவர்க்கு அக்கரம் எளிதில் வருதற்கு, இத்தகைய காவற்பொருள்கள் குறைதலும் ஒரு காரணமாகும்.

பப்பாசிப் பாலும் புளூக்கொனசோலும்

இனி, நாம் எடுத்த பொருளின் நடுவுக்கு வருவோம். நம் வளவுகளில் விதைப்பாரின்றியும் முளைக்கும் பப்பாசியின் பச்சைக்காயைக் கீறினால் வெண்பால் வடியும். இறைச்சியை மென்மையாக்குதற்குப் பச்சைப் பப்பாசித் துண்டு சேர்க்கும் வழக்கம் அப்பாலிலுள்ள பப்பேயின் என்னும் நொதியத்தின் வலியால் எழுந்ததே. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலர்த்திய பப்பாசிப் பால் இலங்கையிலிருந்து மேனாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று என்பதும் நினைக்கத்தக்கது.

1990களிற் பிரான்சு நாட்டு ஆய்வாளர் சிலர் இப்பாலைக் கண்டிடா அல்பிக்கன்சின்மீது சோதித்தனர். அது மதுவத்தின் வளர்ச்சியைத் தடுத்தது. பப்பாசிப் பாலிற் பப்பேயின் மட்டுமன்றி, மனோசுச் சங்கிலியையும் கைற்றினோடு இயைந்த வெல்லங்களையும் அறுக்கவல்ல வேறு நொதியங்களும் இருப்பதை அவர்கள் எடுத்துக் காட்டினர். பின்னர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பப்பாசிப் பாலையும் புளூக்கொனசோலையும் ஒருங்கு சேர்த்தபோது, தனித்தனியே தந்த பயனினும் மிக்க பயன் விளைந்ததென அறிவித்தனர். இலத்திரன் நுணுக்குக்காட்டியினூடாக நோக்கியபோது, சேர்க்கைக்கு உட்பட்ட மதுவத்தின் சுவர் ஓரளவு சிதைந்திருந்தது. அதன் புறப்படையில் வெல்லப் பொருள்கள் குறைந்திருந்தன. சிதைவுத் துணுக்குகள் வளர்ப்பூடகத்திற் கலந்திருந்தன.

இதன் காரணத்தை எண்ணிப் பார்த்தல் எளிது. புளூக்கொனசோல் மென்சவ்வை நலிவிக்கின்றது. நொதியம் அதன்மேலுள்ள சுவரை நலிவிக்கின்றது. சுவர் பழுதுற்ற வீட்டார், கூரையுங் கெட்ட வேளையில், இரண்டையும் ஒருங்கே செப்பனிட இயலாது திகைப்பரன்றோ?

கூட்டுவலுவை அளத்தல்

'இரண்டுஞ் சேர்ந்தால் நன்று' என வாளா கூறுதல் விஞ்ஞானமாகாது. அளந்து காட்டல் வேண்டும். சதுரங்கப் பலகை போன்ற சிறு குழிகளையுடைய தட்டில், இடம் வலமாக மருந்தின் அளவையும் மேல் கீழாக நொதியத்தின் அளவையும் படிப்படியாகக் கூட்டிச் சென்று, எக்குழியில் மதுவம் வளரவில்லை எனக் காண்பர்.

கணக்கு விளங்குதற்பொருட்டு நானே அமைத்த ஓர் எடுத்துக்காட்டு: மருந்து தனியே மதுவத்தை நிறுத்த 8 அளவு வேண்டும், நொதியம் தனியே நிறுத்த 16 அளவு வேண்டும். சேர்த்தபோது மருந்தில் 2 அளவும் நொதியத்தில் 4 அளவும் போதுமாயின. 2ஐ 8ஆற் பிரிக்க 0.25, 4ஐ 16ஆற் பிரிக்க 0.25, கூட்ட 0.5. இக்கூட்டுத்தொகை 0.5 அல்லது அதனிற் குறைவாயின் கூட்டுவலு உண்டென்பர். 4இற்கு மேற்படின் ஒன்றையொன்று முரணுகின்றதென்பர். இடைப்பட்டது பெரிதும் பயனற்ற சேர்க்கை. முரணுஞ் சேர்க்கையும் உண்டென்பதை மாணவர் மறவாதிருக்க. நல்ல மருந்து இரண்டைக் கலந்தால் நல்ல மருந்தே வரும் என்பது நியதியன்று.

சேர்க்கை மருத்துவம் பங்கசு நோயிற் புதியதுமன்று. மூளையுறையைத் தாக்கும் கிரித்தோகொக்கசு என்னும் மற்றொரு மதுவத்துக்கு அம்பொற்றெரிசினையும் புளூசைற்றோசீனையும் சேர்த்து வழங்குதல் நன்கு நிறுவப்பட்ட முறை. அங்கே இரண்டும் மருந்துகள்; இங்கே ஒன்று நொதியம். வேறுபாடு அதுவே.

உயிர்ப்படலம்

நிற்க. மதுவம் தனித்தனிக் கலமாக மிதந்து வாழ்வதிலும், ஒரு பரப்பிற் கூட்டமாக ஒட்டி வாழ்வதே மருத்துவர்க்குப் பெருந்தொல்லை. கட்டுப்பல்லிலும் நாளக்குழாயிலும் அது படிந்து, இழையும் கலமுமாகப் பின்னி, தன்னைச் சுற்றி வழுவழுப்பான பசையொன்றைச் சுரந்துகொள்ளும். இதனை உயிர்ப்படலம் என்பர். குளத்துப் படியில் வழுக்கும் பாசியை நினைத்துக்கொள்க. அப்பசையிலுள்ள குளூக்கன் புளூக்கொனசோலைப் பற்றிப் பிடித்து உட்புகாமற் காப்பதும், குளூக்கனேசு சேர்த்தபோது அப்படலம் மருந்துக்கு இளகுவதும் ஆய்வுகூடத்திற் காணப்பட்டுள்ளன.

அப்பசையில் இறந்த கலங்களினின்று வெளிப்பட்ட டீ.என்.ஏ.யும் கலந்துள்ளது. அதனை அறுக்கும் நொதியத்தைச் சேர்த்தபோது அம்பொற்றெரிசினின் வலி மிகுந்தது; புளூக்கொனசோலுக்கோ அதனால் யாதொரு பயனும் விளையவில்லை. ஈண்டு, முன்னர் நினைவில் இருத்தச் சொன்னதை எண்ணுக. ஒவ்வொரு நொதியத்துக்கும் உரிய பொருள் ஒன்று. ஒவ்வொரு மருந்துக்கும் உரிய துணை ஒன்று. பொதுவாக 'நொதியம் நல்லது' என்பதிற் பொருளில்லை.

என் பிழை

இப்போது முன்னர்க் கூறிய நிகழ்ச்சியைச் சொல்கின்றேன். என் அன்னையார் முதுமையெய்தியவர்; நீரிழிவுடையவர்; கட்டுப்பல் அணிபவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மேலண்ணம் சிவந்து, உணவு கொள்ளும்போது எரிகின்றதென வருந்தினார். வைத்தியர் மதுவநோயெனக் கூறிப் புளூக்கொனசோல் எழுதிக் கொடுத்தார். உண்டு நலமெய்தினார், ஆயின் ஒரு திங்களுள் நோய் திரும்பிற்று. அவ்வேளையிலேதான் பப்பாசிப் பாலைப் பற்றிய ஆய்வுச் செய்தி என் கண்ணிற்பட்டது. வளவிலே பப்பாசி, வீட்டிலே மிச்சக் குளிகை, கையிலே ஆய்வுச் செய்தி. இனி வைத்தியரிடம் போவானேன் என்று கருதினேன்! பச்சைக்காயைக் கீறிச் சில துளி எடுத்து, நீர் சேர்த்து, பஞ்சினால் அன்னையார் வாயில் தடவினேன்.

சிறிது நேரத்தில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உதடும் அண்ணமும் வெந்தாற்போலாயின. முகமும் சிறிது வீங்கவே, அஞ்சி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றேன். அன்று கடமையிலிருந்த வைத்தியர் நம் கல்லூரியின் பழைய மாணவர். என்னிடம் நன்னூல் பயின்றவர். அன்னையாருக்கு வேண்டியவற்றைச் செய்து முடித்தபின், என்னைத் தனியே அழைத்து மெல்லச் சொன்னார்:

"ஐயா, விதியைப் படிக்கும்போது விதிவிலக்கையும் சேர்த்துப் படிக்கவேண்டுமென்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள். அந்த ஆய்வு கண்ணாடித் தட்டிலே நடந்தது. தட்டுக்குத் தோல் இல்லை; நோவும் இல்லை. புரதத்தைக் கரைக்கும் பாலுக்கு அம்மாவின் அண்ணமும் புரதந்தானே?"

யான் மறுமொழி கூறவில்லை. பின்னர் அவர் கேட்ட இரண்டு வினாக்களே நோயின் வேரைக் காட்டின. இரவிற் கட்டுப்பல்லைக் கழற்றுகின்றாரா? குருதியில் வெல்லம் எவ்வளவு? கழற்றுவதில்லை, வெல்லம் மிகுந்திருந்தது. மருந்து வாயிலிருந்த மதுவத்தை அடக்க, கட்டுப்பல்லின் உட்புறத்து உயிர்ப்படலம் மறுபடியும் விதைத்துக்கொண்டேயிருந்தது. புண் ஆறியபின் நிசுத்தற்றின் நீர்மருந்து தரப்பட்டது. கட்டுப்பல்லை நாடோறும் தேய்த்துக் கழுவி, இரவிற் கழற்றி, துப்புரவுக் குளிகை கரைத்த நீரில் இடுமாறும் பணித்தார். நீரிழிவு மருந்தும் திருத்தப்பட்டது. சில கிழமைகளில் நோய் நீங்கிற்று.

வியப்பொன்று கூறுவேன். அத்துப்புரவுக் குளிகையின் உறையைப் படித்தபோது, அதன் சேர்க்கைப் பொருள்களுள் புரதங் கரைக்கும் நொதியம் ஒன்றும் இருந்தது! வாய்க்கு வெளியே, கோப்பை நீரிலே, உயிரற்ற பல்லின்மீது நொதியம் தன் பணியைச் செய்ய, வாயினுள்ளே மருந்து தன் பணியைச் செய்தது. யான் செய்ய விரும்பிய சேர்க்கை, அதற்குரிய இடத்தில் முன்னரே அமைந்திருந்தது.

தடைகள் யாவை?

ஆய்வுகூடத்தில் வென்ற சேர்க்கை மருந்துக்கடைக்கு வாராமைக்குக் காரணங்கள் உள. வாயால் உண்ட நொதியம் தானும் ஒரு புரதமாதலின் இரைப்பையிற் பெரும்பாலும் செரித்துப்போகும். குருதியிற் செலுத்தின், உடல் அதனை அயற்பொருளெனக் கருதி எதிர்க்கும். தோலிற் பூசினும் ஒவ்வாமை வருதல் கூடும். 2008இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம், அங்கீகாரம் பெறாத பப்பேயின் பூச்சு மருந்துகளின் விற்பனையை நிறுத்துமாறு பணித்தது. அவற்றாற் சிலருக்குக் குருதியமுக்கம் தாழ்தல் முதலிய கேடுகள் நேர்ந்திருந்தன.

மதுவமும் வாளா இருப்பதில்லை. சுவரின் ஒரு பகுதி சிதையின் கைற்றினை மிகுத்து மதிலைச் செப்பனிட முயலும். அன்றியும், உயிர்ப்படலத்தை நொதியம் கலைக்கும்போது கலங்கள் பிரிந்து பரவுதல் கூடும். அவற்றைக் கொல்லும் மருந்து அதே வேளையில் அங்கே போதிய அளவில் இல்லையாயின் நன்மை தீமையாய் முடியும்.

எனினும் நொதியம் மருந்தாகவே ஆகாது என்று கொள்ளற்க. மூச்சுக்குழலிற் கட்டிச்சளி அடைக்கும் பரம்பரை நோயொன்றுக்கு, டீ.என்.ஏ.யை அறுக்கும் மனித நொதியத்தைச் செயற்கை முறையில் ஆக்கிப் புகையாக உள்ளிழுக்க வழங்குதல் 1993 முதல் நடைமுறையிலுள்ளது. தக்க நொதியம், தக்க இடம், தக்க அளவு என்னும் மூன்றும் பொருந்தினால் வழி திறக்கும். மதுவநோயில் அப்பொருத்தம் மனிதரிடத்து இன்னும் நிறுவப்படவில்லை. மருத்துவ நெறிமுறைகள் நொதியச் சேர்க்கையை விதிக்கவுமில்லை.

விற்பனையாளரோ அதுவரை பொறுப்பதில்லை. 'மதுவத்தின் சுவரைச் செரிக்கும் நொதியக் குளிகை' என விளம்பரஞ்செய்து விற்பனவற்றிற் செலுலேசு என்னும் நொதியம் பெரிதாகக் கூறப்படுவதுண்டு. செலுலேசு தாவரங்களின் சுவரிலுள்ள செலுலோசைச் சிதைப்பது. கண்டிடாவின் சுவரிற் செலுலோசு இல்லை. அதன் குளூக்கன் வேறு வகையாகப் பிணைந்தது. வேறொரு வீட்டுத் திறவுகோலை விலைக்கு வாங்கி என்ன பயன்? சுவரின் அமைப்பைப் படித்த மாணவன் இவ்விளம்பரத்தை ஒரு நொடியில் எடைபோடுவான். கல்வியின் பயன் இதுவன்றோ!

இல்லத்தார் கொள்ளத்தக்கன

வாயில் வெண்படிவோ எரிவோ சில நாட்களில் நீங்காவிடின் வைத்தியரை நாடுக. கட்டுப்பல்லை இரவிற் கழற்றுக. இழுப்பு மருந்துக்குப்பின் வாய் கொப்பளிக்க. நீரிழிவை அடக்கி வைத்திருக்க. மருந்தை வைத்தியர் குறித்த நாள்வரை உண்க; எஞ்சிய குளிகையை இன்னொருவர்க்கு ஈயற்க. புளூக்கொனசோல் வேறு மருந்துகள் பலவற்றோடு முரணுவது. ஆகவே உண்ணும் மருந்து அனைத்தையும் வைத்தியரிடம் மறையாது கூறுக. பச்சிளங் குழந்தையின் வாயிற் பப்பாசிப் பால் முதலிய எப்பாலையும் தடவற்க. பழுத்த பப்பாசியை உணவாக உண்ணுதல் வேறு. பச்சைப் பாலை மருந்தாகக் கொள்ளுதல் வேறு.

முடிவுரை

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நாற்கூறாக வகுத்தார். அருகிருந்து பேணவேண்டிய யான் மருத்துவரின் இடத்தையும் எடுத்துக்கொண்டமையே என் பிழை. அன்னையார் அதனை மன்னித்துவிட்டார்; வளவிலுள்ள பப்பாசியைக் காணுந்தோறும் சிரிக்கவுஞ் செய்கின்றார்.

இன்று இக்கல்லூரியில் உயிரியலும் இரசாயனமும் பயிலும் மாணவருள் ஒருவர், நாளை இச்சேர்க்கைக்குரிய தக்க நொதியத்தையும் தக்க இடத்தையும் கண்டறிதல் கூடும். அயல்நாட்டு ஆய்வுகூடங்களிற் பணிபுரியும் பழைய மாணவர்கள் அத்தகையோர்க்குக் கைகொடுப்பாராக. மதுவம், நொதியம், கலம் என்னுஞ் சொற்கள் நம் மொழியிலேயே உள. அவற்றின் பொருளைத் துருவி அறியும் வேட்கையும் நம் மாணவரிடத்து உண்டு. கல்லூரி அன்னை நீடு வாழ்க!